ஃபர்ம்வேர் வரும் என்று காத்திருக்கலாமா, சிஸ்டத்தையே மாற்றிவிடலாமா?

கரிச்சான் (கேள்வி கேட்டவர்)

வணக்கம் நண்பர்களே. என்னிடம் இருப்பது ஒரு நடுத்தர மிரர்லெஸ் பாடி (லென்ஸ் சேராத கேமரா மட்டும்). நிறுவனத்தின் பெயரை வேண்டுமென்றே விடுகிறேன். சொன்னால் இழை அங்கேயே சண்டையாகிவிடும். கூடவே அதே நிறுவனத்தின் இரண்டு லென்ஸ்களும் வேறொரு நிறுவனத்தின் டெலி ஜூம் ஒன்றும் வைத்திருக்கிறேன். எடுப்பது பெரும்பாலும் பறவைகள். மீதி நேரம், ஓர் இடத்தில் நிற்காத என் மகள்.

பிரச்சினை இரண்டு. கடைசியாக வந்த ஃபர்ம்வேரை (கேமராவுக்குள் ஓடும் மென்பொருள்) போட்டதிலிருந்து டெலி ஜூம் தடுமாறுகிறது. கிளையில் சும்மா உட்கார்ந்திருக்கும் பறவையைப் பிடிக்கிறது, பச்சைக் கட்டமும் வருகிறது. அடுத்த நொடி பின்னால் இருக்கும் இலைக்கு ஓடி, முன்னும் பின்னும் ஆடிவிட்டுத்தான் திரும்புகிறது. அதற்குள் பறவை போய்விடுகிறது. பழைய பதிப்பில் இப்படி இல்லை. பழையதற்குத் திரும்பவும் கேமரா விடவில்லை.

இரண்டாவது, பறவைக் கண் ஃபோகஸ், அதாவது பறவையின் கண்ணைக் கேமராவே கண்டுபிடித்து ஃபோகஸ் செய்வது. நான் வாங்கிய கொஞ்ச நாளிலேயே இதே நிறுவனத்தின் அடுத்த மாடலில் வந்தது. எங்களுக்கும் வருமா என்று வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன். உங்கள் கருத்தை உரிய பிரிவுக்கு அனுப்பிவிட்டோம் என்று பதில் வந்தது. அதன் பிறகு வந்த அப்டேட் எல்லாம் ‘சில சிறு பிழைகள் சரிசெய்யப்பட்டன’ வகைதான்.

காத்திருக்கலாமா? மாறுவதென்றால், பழைய பாடிகளையும் நீண்ட காலம் கவனிக்கிற நிறுவனம் எது?

இருட்டறை

பெயர் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, இந்தக் கதை எல்லா நிறுவனத்துக்கும் பொருந்தும் :) முதல் பிரச்சினைக்கு முதலில் வருவோம்.

டெலி ஜூமை மாட்டிவிட்டு மெனுவில் பதிப்பு எண் காட்டும் பக்கத்துக்குப் போங்கள். பாடிக்கு ஒரு எண், லென்ஸுக்கு ஒரு எண் இருக்கும். சில கேமராக்கள் வேற்று நிறுவன லென்ஸின் எண்ணைக் காட்டாது. அப்படியானால் லென்ஸ் நிறுவனத்தின் தளத்தில்தான் பார்க்க வேண்டும். பாடியின் ஃபர்ம்வேர் மாறும்போது லென்ஸோடு அது பேசும் முறையிலும் ஏதாவது மாறியிருக்கலாம். சொந்த லென்ஸ்களைச் சோதித்துவிட்டுத்தான் வெளியிடுவார்கள். மற்றவர்களின் லென்ஸுக்கு அந்தப் பொறுப்பு அவர்களுக்கு இல்லை. லென்ஸ் நிறுவனம் கொஞ்ச நாள் கழித்து ஒரு ஒத்திசைவு அப்டேட் போடும். பாடியின் அறிவிப்புப் பக்கத்தில் அது வராது.

லென்ஸை அப்டேட் செய்யும் வழி நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். டாம்ரானின் புதிய மிரர்லெஸ் லென்ஸ்களில் லென்ஸின் உடலிலேயே யுஎஸ்பி-சி துளை இருக்கும். கணினியில் அவர்களின் மென்பொருளை நிறுவி, கேபிள் மாட்டினால் போதும். வில்ட்ராக்ஸ் லென்ஸ்கள் சிலவற்றில் துளை மவுண்டின் (லென்ஸும் பாடியும் பொருந்தும் வளையம்) பக்கம் ஒளிந்திருக்கும். லென்ஸைக் கழற்றினால்தான் தெரியும். சிக்மாவில் மவுண்டைப் பொறுத்து வழி மாறும்.

பாடியையும் ஒரு தடவை பாருங்கள். ஒரு அப்டேட்டில் சொதப்பினால், இரண்டு மூன்று வாரத்தில் புள்ளிக்குப் பின்னால் எண்ணை ஒன்று கூட்டி இன்னொன்றைச் சத்தமில்லாமல் விடுவது வழக்கம்.

கரிச்சான்

பார்த்தேன். இரண்டுமே இருக்கின்றன! பாடிக்கு ஒரு சின்ன அப்டேட், லென்ஸுக்கும் ஒன்று. ஆனால் பாடிக்கான கோப்பை கார்டில் போட்டு மெனுவைத் திறந்தால் ‘அப்டேட் கோப்பு இல்லை’ என்கிறது. கார்டை கேமராவிலேயே ஃபார்மேட் செய்தேன். ஃபோல்டர் எதற்குள்ளும் வைக்கவில்லை, வெளியில்தான் இருக்கிறது.

மூன்றாம்கண்

கோப்பின் பெயரைப் பாருங்கள். கடைசியில் (1) என்று இருக்கிறதா? போன தடவை இறக்கிய பழைய கோப்பு அதே பெயரில் டவுன்லோட் ஃபோல்டரில் கிடந்தால், பிரவுசர் புதியதற்கு (1) சேர்த்துவிடும். கேமரா எதிர்பார்க்கிற பெயர் ஓர் எழுத்து மாறினாலும் அதற்குக் கோப்பு கண்ணில் படாது. கோப்பில் குறை எதுவும் இல்லை. பெயரை மட்டும் சரிசெய்து மறுபடி போடுங்கள்.

பேட்டரி முழுதாக இருக்கட்டும். பாதியில் அணைத்துவிடாதீர்கள். உங்கள் கஸ்டம் பட்டன் அமைப்புகளைச் சேமிக்கும் வசதி இருந்தால் முதலில் சேமித்துக்கொள்ளுங்கள்; சில அப்டேட்டுகள் எல்லாவற்றையும் தொழிற்சாலை நிலைக்குத் தள்ளிவிடும்.

கரிச்சான்

(1) தான்! பெயரை மாற்றியதும் உடனே எடுத்துக்கொண்டது. லென்ஸையும் கேபிள் வழியாக முடித்தாயிற்று. இப்போது ஜன்னலுக்கு வெளியே ஒரு தவிட்டுக்குருவிக் கூட்டம் வந்தது, அதில் சோதித்தேன். இலைக்கு ஓடுகிற ஆட்டம் நின்றுவிட்டது. பறக்கும்போது இன்னும் தவறவிடுகிறது, ஆனால் அது எப்போதுமே அப்படித்தான். இருட்டறை, மூன்றாம்கண், இருவருக்கும் மிக்க நன்றி.

முதல் பிரச்சினை முடிந்தது. இரண்டாவது அப்படியே இருக்கிறது.

ஷட்டர்சத்தம்

இரண்டாவதுக்கு நான் வருகிறேன். யார் நீண்ட காலம் கவனிக்கிறார்கள் என்ற கேள்வியே கொஞ்சம் தவறான இடத்தில் நிற்கிறது. ஒரே நிறுவனம் ஒரு பாடியைத் தாங்கும், இன்னொன்றைக் கைவிடும்.

நிக்கானைப் பாருங்கள். இசட்9 2021 கடைசியில் வந்தது. 2022 ஏப்ரலில் ஃபர்ம்வேர் 2.00, 2023 ஜூனில் 4.00, 2024 மார்ச்சில் 5.00. இடையில் 8கே 60 ஃப்ரேம் ரா வீடியோ, ஷட்டரை அழுத்துவதற்கு முந்தைய படங்களையும் சேமிப்பது, கேமராவே பார்த்துக்கொண்டிருந்து சுடும் ஆட்டோ கேப்ச்சர் என்று வரிசையாகக் கொடுத்தார்கள், எல்லாம் இலவசம். இசட்8க்கும் 2024 பிப்ரவரியில் பறவைக்கென்று தனித் தேர்வு வந்தது. அதே நிறுவனத்தின் இசட்6 இரண்டாம் பதிப்பு வைத்திருந்தவர்களுக்கு அந்தப் பறவைத் தேர்வு வரவில்லை. அதில் இருப்பது முந்தைய தலைமுறை பிராசசர்.

சோனியிலும் அதேதான். 2019 மார்ச்சில் ஏ9க்கு ரியல்-டைம் ட்ராக்கிங் (நகரும் பொருளை விடாமல் ஃபோகஸில் தொடர்வது) கொடுத்தார்கள். அடுத்த மாதம் ஏ7 மூன்றாம் பதிப்புக்கு விலங்குக் கண் ஃபோகஸ் வந்தது, ட்ராக்கிங் வரவில்லை. ஏ9 அப்போது அவர்களின் உச்ச மாடல். ஏ7 மூன்று வெறும் நன்றாக விற்ற மாடல்.

எல்லோரும் மறந்துபோன ஒன்று ஒலிம்பஸ். 2020 டிசம்பரில் இ-எம்1எக்ஸுக்கு ஃபர்ம்வேர் வழியாகப் பறவை கண்டறிதல் வந்தது. அதே வருஷம் பிப்ரவரியில் வந்த, அதைவிடப் புதிய இ-எம்1 மூன்றாம் பதிப்புக்கு வரவில்லை! இ-எம்1எக்ஸில் இரண்டு பிராசசர்கள் உண்டு, பொருளை அடையாளம் காணும் வேலைக்கு அந்தத் தெம்பு வேண்டியிருந்தது. ஆக, புதியதா பழையதா என்று பார்த்துப் பயனில்லை, உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

எக்ஸ்-காரன்

ஃபியூஜியை விட்டுவிட்டீர்களே! 2014இல் வந்த எக்ஸ்-டி1க்கு 2015இல் 4.00 பதிப்பில் புது ஆட்டோஃபோகஸ் முறையையே கொடுத்தார்கள். 2018 மாடலான எக்ஸ்-டி3க்கு 2020 அக்டோபரில், அதுவும் எக்ஸ்-டி4 கடையில் இருக்கும்போது, டி4 அளவு ஃபோகஸைக் கொடுத்தார்கள். கைசென் (ஜப்பானிய மொழியில் ‘மேம்பாடு’) என்று அதற்கு ஒரு பெயரே உண்டு. நான் இரண்டு தடவை பாடி மாற்றியும் இங்கேயே இருப்பதற்கு அதுதான் காரணம்.

ஷட்டர்சத்தம்

மறுக்கவில்லை. ஆனால் எக்ஸ்-டி3, டி4 இரண்டிலும் ஒரே சென்சார், ஒரே பிராசசர் தலைமுறை. அதனால் முடிந்தது. 2022இல் எக்ஸ்-எச்2எஸ் புதிய பிராசசரோடு பறவை கண்டறிதலைக் கொண்டுவந்தபோது, அது டி4க்கு இறங்கி வந்ததா? வரவில்லை.

கரிச்சான், உங்கள் கேள்விக்கு இதுவே பதில். உங்கள் பாடியும் பறவை ஃபோகஸ் உள்ள அந்தப் புது மாடலும் ஒரே பிராசசரா என்று பாருங்கள். ஒரே பிராசசர் என்றால் கொஞ்சம் நம்பிக்கை வைக்கலாம். வேறு என்றால் மறந்துவிடுங்கள். சோனி 2022இல் ஏ7ஆர் ஐந்தாம் பதிப்பில் பொருளை அடையாளம் காண்பதற்கென்றே தனிச் சில்லு வைத்தது. அதற்கு முந்தைய வருஷம் வந்த, அப்போதைய உச்ச மாடலான ஏ1இல் அந்தச் சில்லு கிடையாது. உச்ச மாடல் என்பதற்காக ஃபர்ம்வேரில் சில்லு முளைக்காது. பானசோனிக் எஸ்5 வாங்கியவர்கள் ஃபேஸ் டிடெக்ட் (phase detect, முகம் அல்ல) ஃபோகஸ் கேட்டுக் கேட்டு ஓய்ந்தார்கள். அது சென்சாரிலேயே இருக்க வேண்டிய விஷயம், 2023இல் எஸ்5 இரண்டாம் பதிப்பில்தான் வந்தது.

மூன்றாம்கண்

இலவசம் என்று ஒரு வார்த்தை வந்தது, அதனால் சொல்கிறேன். பானசோனிக் எஸ்1க்கு வி-லாக் (வண்ணத்தைப் பிறகு திருத்திக்கொள்ள வசதியான வீடியோ முறை) காசு கொடுத்து வாங்கும் சாவியாக வந்தது. நிக்கான் இசட்6, இசட்7க்கு ரா வீடியோ வெளியீட்டைக் கட்டணம் வாங்கிக்கொண்டு சர்வீஸ் சென்டரில் போட்டுக் கொடுத்தார்கள். சோனி சில மாடல்களுக்குத் திரையில் தெரியும் கட்டக்கோடுகளை மாற்றிக்கொள்வதற்குக்கூடத் தனி உரிமம் விற்கிறது. கட்டக்கோடு! அதற்கும் காசு!

பழைய என்எக்ஸ்

ஃபர்ம்வேர் தாராளத்தைப் பார்த்து சிஸ்டம் தேர்ந்தெடுப்பவர்கள் சாம்சங்கின் என்எக்ஸ்1 கேமராவை நினைத்துக்கொள்ளுங்கள். 2014இல் வந்தது. 28 மெகாபிக்சல், எச்.265 சுருக்க முறையில் 4கே வீடியோ, அந்தக் காலத்துக்கு அதிசயம். அப்டேட் மேல் அப்டேட்டாக ஃபோகஸ், வீடியோ என்று எல்லாவற்றையும் ஏற்றினார்கள். பயனர்கள் சொன்னதைக் கேட்டுச் செய்தார்கள். அப்புறம் நிறுவனமே சத்தமில்லாமல் கேமரா வியாபாரத்தை விட்டுப் போய்விட்டது. அருமையான ஃபர்ம்வேரோடு லென்ஸ் வராத மவுண்ட் ஒன்று என் அலமாரியில் இருக்கிறது. கைவிடப்பட்ட நிக்கான் 1, கேனான் இஎஃப்-எம் மவுண்ட் கேமராக்களை வைத்திருந்தவர்களுக்கும் இது தெரியும்.

இருட்டறை

அதனால்தான் பாடியை விட மவுண்டைப் பார்க்கச் சொல்கிறோம். பறவை எடுப்பவருக்கு வேற்று நிறுவன டெலி லென்ஸ் முக்கியம். அதில் ஒவ்வொரு சிஸ்டத்துக்கும் ஒரு முள் உண்டு.

சோனி இ மவுண்டில் சிக்மா, டாம்ரான் கொட்டிக் கிடக்கின்றன. ஆனால் வேற்று நிறுவன லென்ஸ் என்றால் தொடர் ஷூட்டிங் நொடிக்கு 15 படத்தோடு நின்றுவிடும், பாடி 30 எடுக்கக்கூடியதாக இருந்தாலும். கேனான் ஆர்எஃப் மவுண்ட் பல வருஷம் பூட்டியே இருந்தது. 2024 ஏப்ரலில்தான் சிக்மாவும் டாம்ரானும் உரிமத்தோடு ஏபிஎஸ்-சி (ஃபுல் ஃப்ரேமை விடச் சிறிய சென்சார்) லென்ஸ்களை அறிவித்தன. நிக்கான் இசட்டில் டாம்ரானும் சிக்மாவும் இருக்கின்றன, சோனி அளவுக்கு இல்லை. எல் மவுண்ட் 2018இல் லைகா, பானசோனிக், சிக்மா மூவரும் சேர்ந்து தொடங்கிய கூட்டணி. அங்கே சிக்மா வேற்று ஆள் இல்லை, வீட்டு ஆள். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் சென்சார் சின்னது. 300 எம்எம் லென்ஸ் போட்டால் ஃபுல் ஃப்ரேமில் 600 போட்ட கோணம் கிடைக்கும். தூக்கிக்கொண்டு அலைய அதை விட லேசானது இல்லை. வெளிச்சம் குறைந்த காட்டுக்குள் போனால் அதற்கான விலை நாய்ஸில் (படத்தில் வரும் மணல் போன்ற புள்ளிகள்) தெரியும்.

என் தனிப்பட்ட கருத்து: இன்றைக்கு கடையில் இருக்கும் நிலையிலேயே வேலை செய்கிற பாடியைத்தான் வாங்க வேண்டும். ‘அடுத்த அப்டேட்டில் வரும்’ என்று விமர்சகர் சொன்னால் அந்த வசதி இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

எக்ஸ்-காரன்

அது சரி. ஆனாலும் ஒரு நிறுவனத்தின் பழக்கம் என்று ஒன்று இருக்கிறதே, அதைக் கணக்கில் எடுக்கவே கூடாதா?

ஷட்டர்சத்தம்

எடுக்கலாம். விளம்பரத்தை விட்டுவிட்டு, அவர்களின் டவுன்லோட் பக்கத்தைப் படியுங்கள். அந்த வரிசையின் முந்தைய மாடலுக்கு என்னென்ன வந்தது, எப்போது நின்றது என்று தேதியோடு இருக்கும். அடுத்த மாடல் வந்த நாளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் புரிந்துவிடும். ‘நிலைத்தன்மை மேம்பாடு’ மட்டுமே வரத் தொடங்கிய பிறகு புதிய வசதி எதுவும் வருவது அபூர்வம். அந்தப் பாடிக்கான குழு வேறு வேலைக்குப் போயிருக்கும்.

கரிச்சான்

பார்த்தேன். பிராசசர் வேறு. என் பாடிக்குப் புதிய வசதி என்று கடைசியாக வந்தது, அடுத்த மாடல் அறிவிப்பதற்கு முந்தைய மாதம். அப்புறம் எல்லாமே பிழைதிருத்தம்தான். ஆக, காத்திருப்பதில் அர்த்தமில்லை.

ஆனால் சிஸ்டத்தை மாற்றும் எண்ணத்தையும் விட்டுவிட்டேன். டெலி ஜூம் சரியாகிவிட்டது, மற்ற இரண்டு லென்ஸும் எனக்குப் பிடித்தவை. மகளை எடுக்க இந்தப் பாடியே போதும். பறவைக்கு, அந்த அடுத்த மாடலையே பயன்படுத்திய நிலையில் வாங்கலாம் என்று இருக்கிறேன். பயன்படுத்திய பாடியில் என்ன பார்க்க வேண்டும்?

மூன்றாம்கண்

நல்ல முடிவு. ஷட்டர் எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். எலக்ட்ரானிக் ஷட்டரில் எடுத்ததைச் சில பாடிகள் அதில் சேர்க்காது. பறவைக்காரர்கள் பெரும்பாலும் அதில்தான் சுடுவார்கள். கார்டு துளையின் ஊசிகள், மவுண்டின் தேய்மானம், ஃபிளாஷ் மாட்டும் ஹாட் ஷூ, யுஎஸ்பி துளை ஆடுகிறதா என்று பாருங்கள். லென்ஸின் துவாரத்தை எஃப்16க்குச் சுருக்கி வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்தால் சென்சார் தூசி தெரிந்துவிடும். முடிந்தால் உங்கள் டெலி ஜூமையே கொண்டுபோய் மாட்டி, அந்தப் பாடியின் ஃபர்ம்வேரோடு ஒத்துப்போகிறதா என்று அங்கேயே பறவை முறையில் சோதியுங்கள்.

இருட்டறை

வாங்கிய கையோடு அப்டேட் போட்டுவிடாதீர்கள். முதலில் அதில் என்ன பதிப்பு இருக்கிறதென்று குறித்துக்கொண்டு, அதற்குப் பின் வந்த பதிப்புகளில் உங்கள் லென்ஸுக்குத் தொந்தரவு யாராவது சொல்லியிருக்கிறார்களா என்று லென்ஸ் நிறுவனத்தின் பக்கத்தில் பாருங்கள். அந்தப் பாடியோடு பழைய லென்ஸ் மாட்டும் அடாப்டர் ஏதும் சேர்த்துக் கொடுத்தால், அதற்கும் தனியாக ஃபர்ம்வேர் இருக்கலாம்.

கரிச்சான்

அடாப்டருக்குமா! சரி, அதையும் பட்டியலில் சேர்த்துக்கொள்கிறேன். பாடி கிடைத்ததும் படத்தோடு வருகிறேன்.