வாலஸ் – கெல்லாக் பழைய ரயில் தடத்தில் சைக்கிள்: சின்னப் பிள்ளைகளோடு போகலாமா?

மிதிவண்டிக்காரன்:
ஆகஸ்டில் சியாட்டிலில் இருந்து ஐடஹோ போகிறோம். டிரெயில் ஆஃப் தி கோர்டலேன்ஸ் என்ற சைக்கிள் தடம் முழு 117 கி.மீ. நமக்குக் கட்டுப்படியாகாது. மலைப் பகுதியில் வாலஸிலிருந்து கெல்லாக் வரை மட்டும் போதும் என்று நினைக்கிறோம். ஆறு வயதுப் பையன் 20 அங்குல சைக்கிளில் வருவான், இரண்டு வயதுக் குழந்தை பின்னால் இழுக்கும் டிரெய்லரில். அப்பா அம்மாவும் வருகிறார்கள், இருவரும் அறுபதைத் தாண்டியவர்கள். எந்தப் பக்கமிருந்து தொடங்குவது? ஏற்றம் எவ்வளவு? "தடத்தை விட்டு இறங்காதீர்கள், கை கழுவாமல் சாப்பிடாதீர்கள்" என்று பலகைகள் வைத்திருப்பதாகப் படித்தேன். நிஜமாகவே பயப்பட வேண்டிய விஷயமா, சும்மா சட்டத்துக்காகவா?

கியர்செயின்:
வாலஸில் தொடங்கி கெல்லாக்கில் முடியுங்கள். வாலஸ் சுமார் 830 மீட்டர் உயரம், கெல்லாக் சுமார் 700. நடுவில் ஏறக்குறைய 18 கி.மீ. கணக்குப் போட்டால் சரிவு ஒரு சதவீதம்கூட வராது. சரக்கு ரயில் ஓடிய பாதை, அதனால் திடீர் மேடு பள்ளம் கிடையாது. கீழ்நோக்கிப் போனாலும் பெடல் போடத்தான் வேண்டும், தானாக உருளும் என்று பையனிடம் சொல்லி வைக்காதீர்கள்.

தெம்பிருந்தால் காரில் மல்லன் வரை ஏறி அங்கிருந்து தொடங்கலாம். தடத்தின் கிழக்கு முனை அதுதான், சுமார் 1000 மீட்டர் உயரம். மல்லன்–வாலஸ் 11 கி.மீ.யில் சரிவு ஒன்றரை சதவீதம், இறங்குவது நன்றாகத் தெரியும். அந்தத் துண்டை எதிர்த்திசையில் டிரெய்லரோடு ஏறினால் தொடை பதில் சொல்லும்.

காற்றையும் பாருங்கள். கோடையில் வெயில் ஏற ஏற பள்ளத்தாக்கில் காற்று கீழிருந்து மேலே வீசும். மதியத்துக்கு மேல் இறங்கினால் அது முகத்தில் அடிக்கும், இறக்கத்தின் லாபமெல்லாம் போய்விடும். காலை எட்டு மணிக்குள் கிளம்பினால் இந்தத் தொல்லை இல்லை. இரண்டு கார் இருந்தால் ஒன்றை முதலிலேயே கெல்லாக்கில் விட்டுவிடுங்கள். ஒரே கார் என்றால் பெரியவர்களும் பிள்ளைகளும் கெல்லாக்கில் இருக்கட்டும், ஒருவர் மட்டும் டிரெய்லரைக் கழற்றி வைத்துவிட்டு வாலஸுக்குத் திரும்பிக் காரை எடுத்து வரலாம். அப்போது காற்று முதுகில் தள்ளும்.

ஒரு எச்சரிக்கை: ஜிபிஎஸ்ஸில் வெறும் "கோர்டலேன்" என்று போட்டால் அதே பெயருள்ள ஊருக்குக் கூட்டிப் போய்விடும். இந்தத் தடம் அந்த ஊருக்குள் போவதே இல்லை. அங்கே இருப்பது வேறொரு சைக்கிள் பாதை.

ஈயம்பித்தளை:
பலகை விஷயத்துக்கு வருகிறேன். சட்டத்துக்காக வைத்ததில்லை.

வெள்ளிச் சுரங்கப் பள்ளத்தாக்கு அது. இதுவரை தோண்டியெடுத்த வெள்ளி நூறு கோடி அவுன்சுக்கு மேல். வெள்ளியோடு ஈயமும் துத்தநாகமும் வந்தன. சுரங்கக் கழிவை ஆற்றில் விட்டார்கள், தண்டவாளத்துக்கு அடியிலும் கொட்டினார்கள். ரயில் பெட்டிகளிலிருந்து தாது சிந்தியது. கெல்லாக்கில் இருந்த பங்கர் ஹில் ஈய உருக்காலை 1981ல் மூடியது, 1983ல் அந்த வட்டாரம் அமெரிக்க அரசின் சூப்பர்ஃபண்ட் பட்டியலில் (நச்சுக் கழிவைச் சுத்தம் செய்ய வேண்டிய இடங்களின் பட்டியல்) ஏறியது. யூனியன் பசிபிக் நிறுவனம் ரயில்பாதையைக் கைவிட்டபோது கழிவு முழுவதையும் அள்ளவில்லை. ஒரு பங்கை அகற்றிவிட்டு, மிச்சத்தின் மேல் மூன்று மீட்டர் அகலத்துக்குத் தார் போட்டார்கள். நீங்கள் ஓட்டப் போவது அந்த மூடியின் மேல்தான். 2004ல் முறைப்படி திறந்தார்கள்.

தார் மேல் இருக்கும்வரை கவலையில்லை. ஈயம் தோல் வழியாக அதிகம் போகாது, தூசியாக வாய் வழியாகப் போகும். பெரியவர்களைவிடக் குழந்தைகளின் உடல் அதை அதிகமாக உறிஞ்சும், மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். உங்களுக்கு யோசிக்க வேண்டியது இரண்டு வயதுக் குழந்தையைப் பற்றித்தான்: ஆற்றங்கரை மண்ணில் விளையாட விடாதீர்கள், கீழே விழுந்த பால் புட்டியையும் பிஸ்கட்டையும் திருப்பிக் கொடுக்காதீர்கள்.

சாப்பிடும் முன் சோப்பும் தண்ணீரும். சானிடைசர் கிருமியைத்தான் கொல்லும், ஈயத் தூசி கையிலேயே இருக்கும். தண்ணீர் இல்லாத இடத்தில் ஈரத் துடைப்புத்தாள் பரவாயில்லை. ஆற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும் ஈயம் போகாது, நீர் வற்ற வற்ற செறிவுதான் கூடும். ஆளுக்கு இரண்டு லிட்டர் ஊரிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். காரில் ஏறும் முன் ஷூவைத் தட்டிக் கழற்றி ஒரு பையில் போடுங்கள், டிரெய்லர் சக்கரத்தையும் ஈரத்துணியால் துடையுங்கள்.

மிதிவண்டிக்காரன்:
நன்றி, இது தெரியாமல் போயிருந்தால் பையன் நேரே ஆற்றில்தான் இறங்கியிருப்பான். டயர்? வழியில் பஞ்சரானால்?

கியர்செயின்:
28 மி.மீ. டயரே போதும், 35 இருந்தால் சொகுசு. மரவேர் தாரைத் தூக்கிவிட்ட இடங்களில் டிரெய்லர் குதிக்கும், அதனால் அதன் டயரில் காற்றை இறுக அடைத்துவிடாதீர்கள், பக்கவாட்டில் போட்டிருக்கும் அளவுக்குள் குறைந்த பக்கமாக வையுங்கள். குழந்தைக்குப் பட்டை, ஹெல்மெட் இரண்டும் வேண்டும். இணைப்புக் கொக்கியின் பாதுகாப்புப் பட்டையை மறந்துவிட்டு ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர்.

20 அங்குல ட்யூப் கட்டாயம் ஒன்று எடுத்துப் போங்கள், உங்கள் பெரிய சக்கர ட்யூப் அதற்கு உதவாது. பஞ்சர் ஒட்டுவதைத் தார் மேலேயே, வழிவிட்டு ஓரமாகச் செய்யுங்கள். சைக்கிளை மண்ணில் கவிழ்த்தால் அந்தத் தூசி கைக்கு வரும். சாலையைக் கடக்கும் இடங்களில் பையனை முன்னால் விடாதீர்கள், நிற்க வேண்டியது நாம்தான்.

மலைக்காற்று:
எல்லாம் சரி, ஆனால் எதிர்பார்ப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். வாலஸ்–கெல்லாக் துண்டு அழகில் முதலிடம் இல்லை. ஐ-90 நெடுஞ்சாலை கூடவே வருகிறது, வாலஸில் தலைக்கு மேலேயே போகிறது. ஊர்தான் அழகு: 1910 பெருந்தீக்குப் பிழைத்த கட்டடங்கள், அருங்காட்சியகமாக மாறிய நார்தர்ன் பசிபிக் ரயில் நிலையம். அமைதி வேண்டுமென்றால் மறுநாள் இதே தடத்தில் மேற்கே, கட்டால்டோவிலிருந்து ஹாரிசன் பக்கம் ஓட்டுங்கள். சமதரை, ஏரி ஏரியாக வரும். மூஸ் மான் நிற்பது அங்கேதான் அதிகம். குட்டியோடு நின்றால் மணியடித்துத் துரத்தப் பார்க்காதீர்கள், திரும்பி விலகுங்கள். ஆகஸ்டில் காட்டுத்தீப் புகையும் வரும், காற்றுத்தரக் குறியீடு 150 தாண்டினால் பிள்ளைகளோடு வேண்டாம்.

இன்னொன்று, பலரும் இதை ரூட் ஆஃப் தி ஹயவாதாவோடு குழப்பிக்கொள்கிறார்கள். அது பக்கத்திலேயே இருக்கும் வேறு தடம், 24 கி.மீ., தார் இல்லை, சரளைக்கல். டிக்கெட், ஹெல்மெட், விளக்கு மூன்றும் கட்டாயம். முதல் சுரங்கப்பாதையே 2.7 கி.மீ. நீளம், உள்ளே இருட்டு, ஆகஸ்டிலும் சட்டை நனைந்து குளிரும். அங்கே போவதாக இருந்தால் ஒன்று கவனியுங்கள்: தொடங்கும் இடம் மொன்டானா எல்லைக்குள், போன் தானாக ஒரு மணி நேரம் முன்னால் போய்விடும். திரும்பி ஏற்றிவரும் பஸ் நேரமெல்லாம் பசிபிக் நேரப்படிதான், அதாவது உங்கள் சியாட்டில் நேரம்.