பழைய லேன்ட் குறூசருக்குப் பெயர் வந்தது இரும்பாலா, கராஜாலா?

உன்னிச்சை வயல்காரன்:
உன்னிச்சைக் குளத்துக்குக் கீழே எனக்கு வயல், அதற்கும் அங்கால மாட்டுப்பட்டி. மாரி பிறந்தால் கடைசி ஆறு கிலோமீற்றரும் சேறுதான். இதுவரை ஒரு டபிள் கப் பிக்கப் ஓடினேன், கம்பனிப் பெயர் வேண்டாம். போன மாரியில் வாய்க்கால் தண்ணீரைத் தாண்டி ஏறியதும் நின்றது. உழவு மெசின் கட்டி இழுத்து வந்தோம். டீசலில் தண்ணீர் கலந்திருக்கிறது, டீசலைப் பீச்சும் நான்கு நொசிலும் மாற்ற வேண்டும் என்றார்கள். அந்தக் காசுக்கு இரண்டு பால் மாடு வாங்கியிருப்பேன்.

அதை விற்றுவிட்டு 1990களில் வந்த டொயோட்டா லேன்ட் குறூசர் 70 ஒன்று எடுக்க யோசிக்கிறேன். ஆனால் கேட்கும் விலைக்கு அதைவிடப் பதினைந்து வயது குறைந்த டபிள் கப் எடுக்கலாம். ஏன் இந்த விலை என்று கேட்டால் "அது சாகாத வண்டி தம்பி" என்கிறார்கள். ஏன் சாகாது என்பதற்கு மட்டும் ஒருவரிடமும் பதில் இல்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வாவிக்கரை:
பதில் இருக்கிறது தம்பி. அந்த வண்டியை உருவாக்கியவர்கள் அதைப் பாதி பலத்தில் ஓட விட்டார்கள், அவ்வளவுதான்.

70 வரிசை 1984இல் வந்தது. 1990இலிருந்து அதில் வரும் 1எச்இசட் இஞ்சினைப் பாருங்கள். 4.2 லீற்றர், ஆறு சிலிண்டர், டர்போ கிடையாது. இவ்வளவு பெரிய இஞ்சினிலிருந்து சுமார் 130 குதிரைவலுதான் எடுக்கிறார்கள், லீற்றருக்கு 31 அளவில் வரும். டொயோட்டாவின் இப்போதைய டபிள் கப்பான ஹைலக்ஸின் 2.4 லீற்றர் இஞ்சின் 150 கொடுக்கிறது, லீற்றருக்கு 62. பத்துப் பேர் தூக்கும் மூட்டையை இருபது பேர் தூக்கினால் ஒருவருக்கும் இடுப்பு நோகாது. பிஸ்டன், பெயரிங், சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட் எல்லாவற்றுக்கும் அதே கதைதான்.

பின் எக்சிலையும் கவனியுங்கள். பாரமான 70களில் வண்டியின் எடை எக்சில் கம்பியில் இறங்குவதில்லை. வெளிக்கூடும் ஹப் பெயரிங்கும்தான் எடையைத் தாங்கும், கம்பி சில்லைச் சுற்றுவதோடு சரி. காட்டுக்குள் கம்பி முறிந்தால்கூட அதை உருவி எடுத்துவிட்டு, முன் சில்லின் இழுவையில் வீடு வரலாம். எடையும் கம்பியிலேயே இறங்கும் எக்சிலில் கம்பி முறிந்தால் சில்லே கழன்று போகலாம். இந்த வேறுபாடு வரைபடத்திலேயே இருக்கிறது. கராஜ்காரர் கையில் இல்லை.

கல்முனைக் காக்கா:
வாவிக்கரை சொன்ன கணக்கில் பிழையில்லை. ஆனால் பெயர் அதால் வந்தது என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

நிசான் பற்றோல் ஜீப்பின் டிடி42 இஞ்சினை எடுங்கள். அதுவும் 4.2 லீற்றர், ஆறு சிலிண்டர். 1எச்இசட்டில் வால்வைப் பிஸ்டனோடு ஒத்து ஓடவைக்கும் டைமிங் பெல்ட் இருக்கிறது, காலத்துக்கு மாற்றாமல் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். டிடி42இல் பெல்ட்டே இல்லை, பல்சில்லுதான். வரைபடத்தைப் பார்த்து மார்க் போட்டால் பற்றோலுக்குத்தான் கூட மார்க். அப்படியென்றால் நம்முடைய பக்கம் பற்றோலுக்கு ஏன் அந்தப் பெயர் இல்லை?

சாமான் இல்லை. காரணம் அதுதான். நான் உதிரிப்பாகக் கடை வைத்து இருபது வருடம். ஹைலக்ஸுக்கோ லேன்ட் குறூசருக்கோ ஒரு வீல் பெயரிங் கேட்டால் கடையில் எடுத்துத் தருவேன், இல்லாவிட்டால் கொழும்பில் சாமான் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தைக்குச் சொல்லிவிட்டால் இரவு பஸ்ஸில் போட்டுவிடுவார்கள். காலையில் வண்டி ஓடும். அருமையான வண்டியாக இருந்தும் ஒரு சீல் கிடைக்காமல் மூன்று மாதம் வேப்பமரத்தடியில் நின்றால், சனம் அதை "பழுதாகிற வண்டி" என்றுதான் சொல்லும். வண்டிக்கு வந்த பழுதை ஊர் எண்ணாது. அது நின்ற நாளைத்தான் எண்ணும்.

மகிழடித்தீவு:
நான் வாகனப் பக்கத்து ஆள் இல்லை. ஆனால் சுனாமிக்குப் பிறகு ஒரு தொண்டு நிறுவனத்தில் ஐந்து வருடம் போக்குவரத்துப் பதிவேடு எழுதினேன். மட்டக்களப்புத் தெருவெல்லாம் வெள்ளை லேன்ட் குறூசர் ஓடிய காலம் அது. "சாகாது" என்ற பேச்சு நம்மிடையே பரவியதில் அந்த வண்டிகளுக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

அவற்றுக்கு என்ன நடந்தது என்று என் கையால் எழுதியிருக்கிறேன். 5,000 கிலோமீற்றருக்கு ஒயில். தண்ணீருக்குள் இறங்கி வந்தால் அடுத்த நாளே கிறீஸ். ஓட்டுநர் காலையில் ஒயில், தண்ணீர், ரயர், பிரேக் பார்த்துக் கையெழுத்து வைக்காமல் படலை தாண்ட முடியாது. வேகம் கூடினால் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். பெல்ட் அறும்வரை ஒருவரும் காத்திருக்கவில்லை, கிலோமீற்றர் வந்ததும் மாற்றினார்கள். பிறகு அவை ஏலத்தில் போனபோது எடுத்தவர்கள் "எவ்வளவு ஓடியும் அசையாத வண்டி" என்றார்கள். அந்தப் பதிவேட்டை யாரும் கேட்டு வாங்கவில்லை.

இன்னொன்று. முப்பது வருடம் கழித்து இன்றும் ஓடுகிறதைப் பார்த்துத்தான் "அந்தக் காலத்து வண்டி" என்று புகழ்கிறோம். அதே வருடம் வந்து இரும்புக்கு வெட்டப்பட்டவை நம் கண்ணில் படுவதில்லை. தப்பியவற்றை மட்டும் எண்ணினால் எல்லாமே சாகாதவையாகத்தான் தெரியும்.

வாவிக்கரை:
அக்கா, பராமரிப்பைப் பற்றி நீங்கள் எழுதியதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு கேள்வி. அந்த நிறுவனங்கள் உலகத்தில் எந்த வண்டியையும் வாங்கியிருக்கலாம். சோமாலியாவிலும் வாகரையிலும் ஏன் இதையே வாங்கினார்கள்?

அவுஸ்திரேலியாவின் பனிமலை நீர்மின் திட்டத்தில் நடந்ததைப் பாருங்கள். 1950களின் கடைசியில் ஒப்பந்தக்காரர் லெஸ்லி தீஸ் அங்கே லேன்ட் குறூசரைக் கொண்டுவந்தார். அதுவரை அந்த நாட்டில் லேன்ட் றோவரின் ஆட்சி. ஆரம்பத்தில் அந்த மலையில் லேன்ட் குறூசருக்கும் கோளாறுகள் வந்தன. ஜப்பானிலிருந்து பொறியியலாளர்கள் வந்து நின்று, உடைந்ததைப் பார்த்து, திருத்திக் கொடுத்தார்கள். நல்ல பராமரிப்பு மட்டும் போதுமென்றால் லேன்ட் றோவர் தன் இடத்தை இழந்திருக்காது. உடைந்த இடத்தைக் கண்டுபிடித்து அடுத்த வண்டியில் அந்த இடத்தைத் தடிப்பாக்கியதுதான் வித்தியாசம்.

கல்முனைக் காக்கா:
தம்பி, நீங்கள் சொன்னது என் பக்கத்துக்குத்தான் சாட்சி. பெயர் வந்தது பிறகு வந்து பார்த்த ஆளால். வண்டி முதலில் உடைந்தது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள்.

அந்தப் பெயரைச் சாமியாக்க வேண்டாம் என்பதற்கு இன்னொன்றும் சொல்கிறேன். அமெரிக்காவில் டொயோட்டாவின் ரகோமா, ருண்ட்ரா, செகோயா வண்டிகளின் செசி, அதாவது அடிச்சட்டம், கறள் பிடித்து உக்கியது. வழக்குப் போட்டார்கள். 2016இல் சுமார் 15 இலட்சம் வண்டிகளுக்கு, 340 கோடி டொலர் வரை செலவாகலாம் என்ற கணக்கில் கம்பனி இணங்கியது. 2024 ஜனவரியில் டீசல் இஞ்சின்களின் வலுச் சோதனையில் முறைகேடு என்று சொல்லி, லேன்ட் குறூசர் 300, ஹைலக்ஸ் உட்படப் பத்து மொடல்களை அனுப்புவதைத் தற்காலிகமாக நிறுத்தினார்கள். பெயரை நம்பிக் கண்ணை மூடிக்கொண்டு காசு கட்டக்கூடாது, அவ்வளவுதான் சொல்கிறேன்.

ஆரையம்பதி பாஸ்:
நான் எழுதுவது குறைவு. 28 வருடம் இஞ்சின் கழற்றுகிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்ல விடுங்கள்.

முதலில் வயல்காரத் தம்பிக்கு. "லேன்ட் குறூசர் 70" என்பது ஒரு வண்டி இல்லை. ஒரே பெயரில் இரண்டு சாதி இருக்கிறது. வாவிக்கரை சொன்ன 1எச்இசட் வருவது பாரமான சாதியில், மொடல் தட்டில் எச்இசட்ஜே என்று தொடங்கும். எல்ஜே என்று தொடங்குவது இலேசான சாதி, நான்கு சிலிண்டர். அதில் சிலவற்றுக்கு 2.4 லீற்றர் 2எல் டர்போ இஞ்சின். அந்த இஞ்சின் ஹெட் வெடிப்பதில் பெயர் போனது. வெளியே இரண்டும் ஒரே முகம். எச்இசட்ஜேயின் புகழைச் சொல்லி எல்ஜேயை விற்றுவிடுவார்கள். தட்டைப் பார்க்காமல் முற்பணம் கொடுக்க வேண்டாம்.

அடுத்தது, அந்த நல்ல 1எச்இசட்டும் சாகும். எப்படியென்றால், இழுவை போதாது என்று வெளியில் ஒரு டர்போ வாங்கிப் பூட்டுவார்கள். பிறகு ஹெட் வெடித்துக் கொண்டுவருவார்கள். இரும்பு அதே இரும்பு, வேலையைத்தான் கூட்டிவிட்டார்கள். பாதி பலத்தில் ஓடுவதால்தான் நீடிக்கிறது என்று வாவிக்கரை எழுதியது சரி என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

டீசலை ஒரே குழாயில் பெரும் அழுத்தத்தில் வைத்துப் பீச்சும் புதிய கொமன் ரெயில் இஞ்சினை நான் கூடாதென்று சொல்ல மாட்டேன். டீசல் குறைவாகக் குடிக்கும், நன்றாக இழுக்கும். ஆனால் பழைய நொசில் நூற்றுச்சொச்சம் பார் அழுத்தத்தில் திறக்கும், புதியது 2,000 பாரையும் தாண்டி வேலை செய்யும். உள்ளே இருக்கும் இடைவெளி மயிரிழையை விடப் பல மடங்கு நுண்மை. அதற்குள் ஒரு துளித் தண்ணீர் போனால் உராய்ந்து போய்விடும். 2022இல் டீசலுக்கு வரிசையில் நின்ற காலத்தை நினையுங்கள். கானிலும் பரலிலும் அடித்து வைத்து, வாடிக்குள் மாதக்கணக்கில் கிடந்ததை ஊற்றினோம். பழைய பம்ப் இருமி இருமி ஓடியது. புதியவை வரிசையாக என் முற்றத்துக்கு வந்தன.

என் கண்ணில் பெரிய வித்தியாசம் இதுதான்: பழைய இஞ்சின் சொல்லிவிட்டுச் சாகும். காலையில் வெள்ளைப் புகை, பிறகு கொஞ்சம் ஒயில் குறைவு, பிறகு ஸ்டார்ட் எடுக்கச் சுணக்கம். ஒரு வருடமாவது சொல்லிக்கொண்டிருக்கும். புதியதில் ஒரு சென்சர் வயர் கழன்றால் போதும், காட்டு நடுவில் விளக்கைப் போட்டுவிட்டு நிற்கும். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இருள் நேரம், யானை வரும் பாதையில் நிற்கும் ஆளுக்கு அது சின்ன வித்தியாசம் இல்லை.

பாணமைச் சவாரி:
பாஸ் சொன்னதை மதிக்கிறேன், ஆனால் எல்லோரும் ஏன் பாரமான வண்டியைச் சுற்றியே கதைக்கிறீர்கள்? பாணமையிலிருந்து உகந்தை, அங்கிருந்து குமண. மணலும் குழியும் உள்ள அந்தப் பாதையில் வருடம் முழுக்க ஓடுகிறேன். நான் கண்டது, இலேசான வண்டிதான் தன்னைத் தானே காப்பாற்றும். சுசுகி ஜிம்னி ஒரு தொன்னுக்குச் சற்று மேல். 70 வரிசை இரண்டு தொன்னைத் தாண்டும். குழியில் விழும்போது ஸ்பிரிங், புஷ், ரயர் எல்லாம் அந்த எடைக்குத்தான் அடி வாங்கும். சேற்றிலும் பாரமானது ஆழமாகப் புதையும், புதைந்த வண்டியை இஞ்சின் கத்தக் கத்த வெளியே எடுக்கும்போதுதான் கிளச்சும் கியர்பொக்ஸும் போகின்றன.

மணலில் ரயர் காற்றைப் பாதியாகக் குறைத்து ஓடுங்கள். என்னிடம் கற்றுக்கொள்ள வந்த பொடியன்கள் அதைச் செய்யாமல் வருடத்துக்கு ஒரு கிளச் தின்றார்கள். அதே வண்டியில் நான் கிளச் மாற்றி ஐந்து வருடம்.

உன்னிச்சை வயல்காரன்:
அண்ணன், நான் கொண்டுபோவது பத்து மூட்டை உரமும், திரும்பும்போது நெல்லும். ஜிம்னியில் அது ஏறாது. இல்லாவிட்டால் நீங்கள் சொன்னது நல்ல யோசனை.

மகிழடித்தீவு அக்கா, நீங்கள் எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். உண்மையைச் சொன்னால், என்னுடைய டபிள் கப்பில் டீசல் பில்டருக்குக் கீழே தண்ணீர் திறந்துவிடும் குமிழ் இருப்பதே பழுதான பிறகுதான் தெரியும். மூன்று வருடமாக ஒரு நாளும் திறக்கவில்லை.

மகிழடித்தீவு:
தம்பி, எங்கள் பதிவேட்டில் அதற்கென்று தனி நிரல் இருந்தது. கிழமைக்கு ஒரு தரம், திங்கட்கிழமை.

வாவிக்கரை:
அக்கா, மூன்று வருடம் ஒருவரும் அந்தக் குமிழைத் திறக்காவிட்டாலும் பழைய 1எச்இசட் ஓடியிருக்கும். நான் சொல்ல வந்தது அதுதான். மனிதன் மறப்பான் என்று எண்ணிச் செய்த வண்டிக்குத்தான் பெயர் நிற்கும்.

மகிழடித்தீவு:
ஓடியிருக்கும், ஆனால் அதன் பம்பும் உள்ளே கறள் பிடித்திருக்கும். மறப்பதற்கு இடம் கொடுக்கும் வண்டி நல்லது, அதை நான் ஏற்கிறேன். மறந்தவருக்குப் பிறகு அதை வாங்குகிறவர்தான் பாவம். இப்போது தம்பி அந்த இடத்தில் நிற்கிறார்.

ஆரையம்பதி பாஸ்:
தம்பி பார்க்கப்போகும் வண்டி எங்கே நின்றது? எழுவான்கரையில் கடற்கரை ஓரம் என்றால் முதலில் இஞ்சினைத் திறக்க வேண்டாம், கீழே படுங்கள். உப்புக்காற்று செசியை உள்ளிருந்து தின்னும், வெளியில் கறுப்புப் பெயின்ற் அடித்து மறைத்திருப்பார்கள். சின்னச் சுத்தியலால் முன்னிருந்து பின்வரை தட்டிக்கொண்டு போங்கள். நல்ல இரும்பு மணிபோல் கேட்கும், உக்கிய இடம் பலகைபோல் மந்தமாகக் கேட்கும். பின் ஸ்பிரிங் தொங்கும் இடத்தை இரண்டு தரம் தட்டுங்கள், சேறு தங்குவது அங்கேதான். இஞ்சினை எப்படியும் செய்யலாம். செசி போனால் அந்த விலைக்கு நீங்கள் வாங்குவது பெயர்ப்பலகை மட்டும்தான்.

பெல்ட் எப்போது மாற்றியது என்று கேளுங்கள். கடதாசி இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு, அந்தச் செலவை விலையில் குறையுங்கள்.

உன்னிச்சை வயல்காரன்:
வண்டி கல்லடியில் நிற்கிறது பாஸ். கடலுக்கு நூறு யார் இருக்காது. படத்தில் மொடல் தட்டு தெரியவில்லை. விற்பவருக்கு இப்போது அழைப்பு எடுத்துக் கேட்டேன், "லேன்ட் குறூசர்தான் தம்பி, வந்து பாருங்கள்" என்கிறார், எழுத்தைச் சொல்கிறார் இல்லை.

ஆரையம்பதி பாஸ்:
சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் பழைய கல்லடிப் பாலத்தடியில் நில்லுங்கள், நானும் வருகிறேன். சுத்தியல் என்னிடம் இருக்கிறது. இஞ்சினை முதல் நாள் இரவிலிருந்து தொடவேண்டாம் என்று அவரிடம் சொல்லிவையுங்கள், குளிர்ந்த இஞ்சின் எப்படி ஸ்டார்ட் எடுக்கிறது என்று பார்க்க வேண்டும்.

கல்முனைக் காக்கா:
எச்இசட்ஜே என்றால் எனக்கு ஒரு செய்தி போடுங்கள், பெல்ட்டும் அதை இறுக்கி வைக்கும் ரென்ஷனர் பெயரிங்கும் எடுத்து வைக்கிறேன். எல்ஜே என்றால் தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பி வாருங்கள்.