ஊர்ப் பொருளை இங்கே விற்கப்போகிறீர்களா? பெயரை முதலில் பதிவுசெய்யுங்கள்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கமிருந்து கனடாவுக்குப் புதிதாக வந்த தம்பி தங்கைமார் பலர் கேட்கிறார்கள்: "களுவாஞ்சிகுடியில் அம்மா செய்யும் மிளகாய்த்தூளை, மருதமுனைக் கைத்தறிச் சேலையை இங்கே இறக்கி விற்கலாமா?" தாராளமாக விற்கலாம். ஆனால் முதல் பெட்டி கப்பலேறும் முன்பே பெயருக்குப் பாதுகாப்புத் தேடுங்கள்.

பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர் பதிந்தாயிற்று, அது போதும் என்று வீட்டில் சொல்வார்கள். போதாது. பெயரையும் இலச்சினையையும் பிறர் எடுத்துக்கொள்வதைத் தடுக்கும் வலு வியாபாரக்குறிப் (trademark) பதிவுக்குத்தான் உண்டு. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கச் சட்டப்படி, கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகம் அதைச் செய்கிறது. பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். அந்த உரிமை இலங்கைக்குள் மட்டுமே. கனடாவில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். இலங்கையில் முதலில் விண்ணப்பித்து, 6 மாதங்களுக்குள் இங்கும் விண்ணப்பித்து முன்னுரிமை கோரினால், அந்த முதல் திகதியே இங்கும் கணக்கில் கொள்ளப்படும். வியாபாரக்குறி போன்றவற்றைப் பாதுகாக்க நாடுகள் செய்துகொண்ட பாரிஸ் உடன்படிக்கை தரும் இந்த வசதியைப் பலர் கைநழுவ விடுகிறார்கள்.

எனக்கு மிகவும் கவலை தருவது வேறொன்று. "பதிவுச் சோலியை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று இறக்குமதி செய்பவர் அன்பாகச் சொல்வார். விடாதீர்கள். விண்ணப்பத்தில் எவர் பெயர் இருக்கிறதோ, பதிவு அவருக்கே போகும். நாளை அவரோடு மனம் கசந்தால், தாய் வளர்த்த பெயருக்காக நீங்கள் வழக்காட நேரிடும். ஊரிலுள்ள அம்மாவோ அண்ணனோ உரிமையாளர் என்றால் கனடா விண்ணப்பத்திலும் அவர்களே இருக்கட்டும். விற்பவருக்குப் பெயரைப் பயன்படுத்தும் அனுமதியை மட்டும் எழுத்தில் கொடுங்கள். பொருளின் தரத்தை நீங்களே கண்காணிப்பீர்கள் என்பதும் அதில் இருக்க வேண்டும்.

எந்தப் பெயர் நிற்கும்? "மட்டக்களப்புத் தயிர்" போல ஊரையும் பொருளையும் மட்டும் சொல்லும் பெயர் எவருக்கும் தனியுரிமையாகக் கிடைப்பது கடினம். அந்த ஊரில் தயிர் விற்கும் எல்லோருக்கும் அது வேண்டுமே, அதுதான் நியாயமும்கூட. உங்களுக்கே உரிய ஒரு சொல்லைத் தேடுங்கள். பிறகு கனடா அறிவுசார் சொத்து அலுவலகத்தின் இணையத் தரவுத்தளத்தில் இலவசமாகத் தேடிப் பாருங்கள். ஆங்கில எழுத்தில் எத்தனை விதமாக எழுதலாமோ அத்தனை விதமாகவும் தேடுங்கள். ஒலி ஒத்திருந்தாலும் சிக்கல்தான். தமிழ் எழுத்தில் குறி இருந்தால் அதன் ஒலிபெயர்ப்பையும் பொருளையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

விண்ணப்பத்தில் பொருள்கள் எண்ணிட்ட வகுப்புகளாகப் பிரிக்கப்படும்; உங்கள் பொருளுக்குரிய வகுப்பையும் சரியாகத் தெரிவுசெய்யுங்கள். மிளகாய்த்தூளும் அரிசிமாவும் 30 ஆம் வகுப்பு, தயிரும் கருவாடும் 29, சேலை 25. கட்டணம் வகுப்புக்கு வகுப்பு ஏறும் என்பதால் விற்கப்போவதற்கு மட்டும் விண்ணப்பியுங்கள்.

பழைய பற்றுச்சீட்டுகள், லேபிள்கள், பொதிகளின் படங்கள் எல்லாவற்றையும் திகதியோடு இன்றே சேர்த்து வையுங்கள். யாராவது எதிர்த்தால், நீங்கள் அந்தப் பெயரை எப்போதிருந்து பயன்படுத்துகிறீர்கள் என்பதற்கு அவைதான் சான்று.