கழக மேசையில் நடந்தது: மனதை விட்டுப் போகாத ஒன்றைச் சொல்லுங்கள்

ஈப்போக்காரன்

பதினோரு வருடம் ஆகிவிட்டது. யாராவது அறிமுக வாரம் என்று பேச்செடுத்தால் எனக்கு இன்னும் அந்த நீல மேசைவிரிப்புதான் ஞாபகத்துக்கு வருகிறது.

கோலாலம்பூரில் ஒரு பெரிய பல்கலைக்கழகம், பேர் வேண்டாம். கழகங்கள் மேசை போட்டு ஆள் பிடிக்கும் நாள் எப்படியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஒரு பக்கம் மலாய்த் தற்காப்புக் கலையான சீலாட், அடுத்து விவாத மன்றம், அதற்கடுத்து பலாபெஸ் என்ற மாணவர் ராணுவப் பயிற்சிப் படைக்காரர்கள் சீருடையில் விறைப்பாக. கடைசியில் தூண் ஓரமாக நம் தமிழ்க் கழகம். நான் இரண்டாம் ஆண்டு, உதவிச் செயலாளர். அதற்கு முந்தின வருடம் இதே மேசையில்தான் ஓர் அக்கா என்னைப் பார்த்து "பசியாறிட்டியா தம்பி?" என்று கேட்டார். வீட்டைவிட்டு வந்து நான்கு நாளில் என்னிடம் யாரும் கேட்காத கேள்வி அது. அதைக் கேட்ட இடத்தில் உட்கார்ந்துகொண்டு நான் என்ன கேட்டேன் என்பதுதான் விஷயம்.

ஒரு பெண் வந்தார். ஃபாரத்தை இழுத்துப் போட்டு எழுத ஆரம்பித்தார். பேர், புலம் எல்லாம் ரூமியில், அதாவது ரோமன் எழுத்தில். நான், "தமிழ்க் கழகம்மா இது, பேரையாவது தமிழ்ல எழுதலாமே. எஸ்.கே.வா?" என்றேன். தமிழ்ப்பள்ளி இல்லாமல் மலாயில் பாடம் நடக்கும் தேசியப் பள்ளியில் படித்தவரா என்று அர்த்தம். பக்கத்தில் இருந்த இரண்டு பேரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பேனாவை மூடினார். மூடி 'டிக்' என்று விழுந்த சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. பேனாவை ஃபாரத்தின் மேல் நேராக வைத்துவிட்டு, "அப்புறம் வரேண்ணா" என்று போனார். வரவில்லை.

ஒரே ஒரு முறை பஸ் நிறுத்தத்தில் பார்த்தேன். கையில் தாப்பாவ் கட்டிய சாப்பாட்டுப் பொட்டலம், தனியாக நின்றுகொண்டிருந்தார். நான் போனைப் பார்ப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டேன்.

மேசைக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ, உங்களுக்கும் ஏதாவது இருந்தால் எழுதுங்கள்.

ரூமித்தமிழச்சி

நான் அந்தப் பெண் இல்லை. ஆனால் எஸ்.கே.தான், ஆறு வருடமும். வீட்டில் தமிழ் பேசுவோம், படிக்கத் தெரியாது.

2017, மலாயாப் பல்கலைக்கழகம். யுனிவர்சிட்டி எல்.ஆர்.டி. ரயில் நிலையத்தில் இறங்கி டி789 பஸ்ஸில் உள்ளே போகும்போதே பயந்துகொண்டுதான் போனேன். தமிழ் மேசைப் பக்கம் நான் போகவே இல்லை. என் அறைத்தோழிதான், "இவளுக்கு நல்லா வரைய வரும்" என்று சொல்லிப் பொங்கல் வேலைக்கு இழுத்துக்கொண்டு போனாள். பென்சிலில் எழுத்து போட்ட பெரிய துணியைக் கொடுத்து வண்ணம் தீட்டச் சொன்னார்கள். எனக்கு அவை எழுத்தே இல்லை, வெறும் வளைவுகள். 'ங்'கில் ஆரம்பித்தேன், ஏனென்றால் அது நாற்காலி மாதிரி இருந்தது.

ராத்திரி இரண்டு மணிக்கு முடித்தேன். துணியைத் தூக்கிக் கட்டிவிட்டார்கள். கீழே நின்று பார்த்த ஒரு சீனியர் ஒன்றும் சொல்லாமல் ஏணியை எடுத்துவந்து, "ஏறு" என்றார். ஏறினேன். "அந்த நாற்காலிக்கு மேல ஒரு பொட்டு வை." வைத்தேன். "இப்பதான் பொங்கல். இதுக்கு முன்னாடி பொஙகல்." அவ்வளவுதான். யாரும் சிரிக்கவில்லை. எனக்குத்தான் மேலே நின்று சிரிப்பு வந்தது, ஏணி ஆடியது.

அந்த வருடமே எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டேன். இப்போது நான் இதைத் தமிழில் எழுதிக்கொண்டிருப்பதற்கு அந்தப் பொட்டுதான் காரணம்.

ஒரு கேள்வி, ஈப்போக்காரரே. ஃபாரத்தில் போன் நம்பர் இருந்திருக்குமே. ஏன் கூப்பிடவில்லை?

நேர்பேச்சு

ஆளாளுக்கு அழுகிறீர்கள். தமிழ்க் கழகத்தில் தமிழில் எழுதச் சொன்னது ஒரு குற்றமா? சீன மொழிக் கழகத்துக்குப் போய் எனக்குச் சீனம் வராது, ஆனால் மனசு புண்படாமல் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று நாம் கேட்போமா?

மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை 1956-இல் வந்தது சும்மா வரவில்லை. அப்போது பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இருந்தது. அங்கே தமிழுக்கு இடம் வேண்டும் என்று தமிழ் முரசு ஆசிரியர் தமிழவேள் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' நிதி திரட்டினார். ஆளுக்கு ஒரு வெள்ளி, அதாவது ஒரு டாலர். தோட்டத்துச் சனங்கள் கொடுத்த வெள்ளி அது. அதன்மேல் உட்கார்ந்துகொண்டு இன்றைக்கு நம் கழகங்கள் ஆடல்பாடல் ராத்திரிக்கு ஸ்பீக்கர் வாடகை பேசுகின்றன. என் காலத்தில் சிறுகதைப் பட்டறைக்கு ஒன்பது பேர் வந்தோம், நடன ஒத்திகைக்கு எழுபது பேர். என்னை விட்டுப் போகாத அனுபவம் அதுதான், போதுமா?

ரூமித்தமிழச்சி

அந்த ஒரு வெள்ளி கொடுத்த தோட்டத்துச் சனங்களில் எத்தனை பேருக்குப் பேர் எழுதத் தெரியும், நேர்பேச்சு? எங்கள் பாட்டி கடைசிவரை கைநாட்டுதான். அவரிடம் யாரும் ஃபாரம் நீட்டி எந்தப் பள்ளி என்று கேட்கவில்லை. வெள்ளியை வாங்கிக்கொண்டார்கள்.

மின்டன் மலையேறி

சண்டையை நீங்கள் தொடருங்கள், நான் நடுவில் புகுந்து சொல்லிவிட்டுப் போகிறேன். நான் பினாங்கு, மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம். பழைய மின்டன் பட்டாள முகாமில் இருப்பது, அதனால் வளாகமே மேடும் பள்ளமும்தான். வகுப்புக்கு நடந்தே கால் பழகி, மலையேறும் கழகத்தில் சேர்ந்துவிட்டேன். முப்பது பேரில் தமிழ் நான் ஒருத்திதான். பினாங்கு கொடிமலைக்கு ஜீப் பாதையில் ஏறும்போது முட்டி பிசகி உட்கார்ந்தால், பையை வாங்கிக்கொள்ள மூன்று கை வரும். அந்த மாதிரிக் கூட்டம்.

2019 தைப்பூசம். எங்கள் குடும்பத்துக்குத் தெரிந்தவர்கள் தண்ணீர்மலை முருகன் கோவிலுக்குப் போகும் வழியில் பந்தல் போட்டிருந்தார்கள். தங்கத் தேர், வெள்ளித் தேர், சூறைத் தேங்காய் எல்லாம் முடிந்து, விடியற்காலை காவடி வரும் நேரம். ஜெனரேட்டர் நின்றுவிட்டது. பந்தல் முழுக்க இருட்டு, சிரப் பீப்பாயில் ஐஸ் போட்டதா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை. எனக்குத் தோன்றியது ஒன்றுதான், கழக வாட்ஸ்அப்பில் "ஹெட்லேம்ப் இருக்கா" என்று போட்டேன். முக்கால் மணி நேரத்தில் ஆறு பேர் வந்து நின்றார்கள். சரவாக் பையன் ஒருத்தன், மற்றவர்கள் சீனப் பிள்ளைகள். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு வரிசையாக நின்று தம்ளர் நீட்டினார்கள். காவடி எடுத்து வந்தவர் குனிந்து மோர் வாங்கும்போது அந்த வெளிச்சம் அவர் கன்னத்து வேலில் பட்டது. என் கண்ணில் அது அப்படியே இருக்கிறது.

ஒரு பாட்டி தம்ளரை வாங்கிக்கொண்டு, "இவங்கல்லாம் எந்தச் சங்கம்மா?" என்று கேட்டார். நான், "தெரிஞ்சவங்க பாட்டி" என்றேன்.

தெரிந்தவர்கள்! இரண்டு வருடம் ஒரே கூடாரத்தில் தூங்கியவர்கள். "என் கழகம்" என்று சொல்ல என்ன தடுத்தது? பக்கத்தில் தமிழ்க் கழகத்துப் பிள்ளைகள் இருந்தார்கள், அதுதான். சரவாக் பையனுக்குத் தமிழ் தெரியாது, ஒன்றும் புரிந்திருக்காது. ஆனாலும்.

பழைய பொருளாளர்

தம்பி தங்கைகளே, நான் தொண்ணூறுகளில் படித்தவன். பொங்கல் விழாக் கணக்கில் 340 வெள்ளி (ரிங்கிட்) குறைந்தது. நான் எடுக்கவில்லை. தலைவர் அன்றிலிருந்து முகம் கொடுத்துப் பேசவில்லை, என் கல்யாணத்துக்கும் வரவில்லை. அவ்வளவுதான் என் கதை.

ஆனால் இதிலிருந்து இப்போது செயலவையில் இருப்பவர்களுக்குச் சிலது சொல்ல வேண்டும். முதலில் கெர்தாஸ் கெர்ஜா, விழாவுக்கு அனுமதி கேட்டுக் கொடுக்கும் திட்டத்தாள். விழாவுக்கு மூன்று வாரம் இருக்கும்போது எழுத உட்காராதீர்கள். மாணவர் விவகாரப் பிரிவில் ஆலோசகர் கையெழுத்து இல்லாமல் வாங்கவே மாட்டார்கள், அந்த ஆலோசகரோ சரியாக அந்த வாரம்தான் வெளியூர் போயிருப்பார். போன வருடத்தாளை எடுத்துத் தேதியை மட்டும் மாற்றுகிறீர்களே, வரவு செலவுப் பக்கத்தில் பழைய வருடம் அப்படியே நிற்கும், அதைத்தான் அதிகாரி முதலில் பார்ப்பார். அடுத்தது ரசீது. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் கடைகளில் பூ, வாழையிலை, கரும்பு வாங்கப் போனால் கையோடு ஒரு ரசீதுப் புத்தகம் கொண்டு போங்கள். கடைக்காரர் அவசரத்தில் எழுதமாட்டார், நீங்களே எழுதி அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். பெட்ரோல் நிலையத்து ரசீதில் மை இரண்டு மாதத்தில் மறைந்துவிடும், அன்றைக்கே நகல் எடுங்கள். கழகப் பணமும் உங்கள் பணமும் ஒரே பர்ஸில் ஒரு ராத்திரிகூடத் தங்கக்கூடாது. எனக்கு 340 வெள்ளி போனது அப்படித்தான், சொந்தக் காசு என்று நினைத்து லோரிக்காரருக்குக் கொடுத்திருப்பேன் என்று இப்போது தோன்றுகிறது.

இன்னொன்று. எங்கள் காலத்தில் 1971-இன் பல்கலைக்கழகச் சட்டம், 1975 திருத்தத்தோடு சேர்த்து, மாணவர்கள் தாங்களாகப் பணம் திரட்டவே விடாது. பத்து வெள்ளி நன்கொடைக்கும் மேலே அனுமதி. நீங்கள் கியூ.ஆர். குறியீட்டை ஒட்டிவிட்டுச் செயலாளரின் சொந்தக் கணக்குக்குப் பணம் வாங்குகிறீர்கள். என் வயிறு கலங்குகிறது. கழகக் கணக்கு எண் மட்டும்தான் ஒட்ட வேண்டும். அப்புறம், முதலாம் ஆண்டுப் பிள்ளைக்குப் பதவி கொடுக்காதீர்கள், சாமான் அறைச் சாவியைக் கொடுங்கள். சாவி வைத்திருப்பவனைத் தேடி எல்லாரும் வருவார்கள், பதவி வைத்திருப்பவனை யாரும் தேட மாட்டார்கள்.

கிள்ளான் ரயில்

பொருளாளர் அண்ணே, சாவி விஷயம் சரிதான். மற்றதை யாரும் கேட்கவில்லையே!

நான் எந்தக் கழகத்திலும் இல்லாதவன், என் பங்குக்கும் ஒன்று. விடுதி கிடைக்கவில்லை, நாலு வருடமும் கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் போய்வந்தேன். கழகக் கூட்டம் எல்லாமே ராத்திரி ஒன்பதுக்கு, ஏனென்றால் விடுதிப் பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டு வர அதுதான் தோது. கூட்டம் பதினொன்றரைக்கு முடியும், அப்புறம் எல்லாரும் மாமாக் கடைக்கு, அதாவது இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடைக்கு, கிளம்புவார்கள். உண்மையான கூட்டம் அங்கேதான் நடக்கும் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. விழாவில் யார் பேசுவது, யாருக்கு யாரோடு சண்டை, எல்லாம் தே தாரேக் டீ குடித்துக்கொண்டே முடிவாகிவிடும். இரண்டு கூட்டத்துக்குப் போனேன், இரண்டிலும் பத்தரைக்கே எழுந்து ஓடினேன்.

ஒருநாள் ரயிலில் இருந்தபடி வாட்ஸ்அப்பைத் திறந்தால், பதினெட்டுப் பேர் மேசை சுற்றி உட்கார்ந்த படம். கீழே ஒருத்தி, "எல்லாரும் இருக்கோம்!" என்று போட்டிருந்தாள். நானும் அந்தக் குழுவில்தான் இருந்தேன். ஷா ஆலாம் நிலையத்தில் ரயில் வெகுநேரம் நின்றது.

மெரிட் புள்ளி குறைந்ததால் அடுத்த வருடமும் விடுதி கிடைக்கவில்லை. புள்ளி வேண்டுமென்றால் கழகத்தில் இருக்க வேண்டும், கழகத்தில் இருக்க வேண்டுமென்றால் விடுதியில் இருக்க வேண்டும். கோழியா முட்டையா கதைதான்.

நேர்பேச்சு

கைநாட்டு என்று சொன்னதற்குப் பதில் யோசித்துப் பார்த்தேன், இல்லை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பட்டறைக்கு ஒன்பது பேர்தான் வந்தார்கள் என்பது இன்னும் எரிகிறது.

ரூமித்தமிழச்சி

அந்த எழுபது பேரில் ஒருவரையாவது நீங்கள் பட்டறைக்குக் கூப்பிட்டீர்களா? நான் கூப்பிட்டால்தான் போகிற ஆள்.

ஈப்போக்காரரே, என் கேள்வி அப்படியே நிற்கிறது. நம்பர்?

ஈப்போக்காரன்

மன்னிக்கவும், வேலை.

கூப்பிடலாம் என்று அன்று ராத்திரியே ஃபாரத்தைத் தேடி எடுத்தேன். நம்பர் கட்டத்தை நிரப்பிக்கொண்டிருக்கும்போதுதான் நான் வாயைத் திறந்திருக்கிறேன்.

016 வரைக்கும்தான் எழுதியிருந்தார்.