பிரம்மாண்டமான பாண்ட் படத்துக்கு அடுத்து வருவதுதான் நல்ல படமா?

செம்பூர்ப் பெண்:
அப்பாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆகி மூன்று மாதம் வீட்டோடு இருந்தார். சனி ஒன்று, ஞாயிறு ஒன்று என்று, 1962இல் வந்த டாக்டர் நோவில் தொடங்கி 2021இல் வந்த நோ டைம் டு டை வரை 25 ஜேம்ஸ் பாண்ட் படங்களையும் வரிசையாகப் பார்த்து முடித்தோம். அப்பா எழுபதுகளில் திருநெல்வேலியிலிருந்து மும்பை தாராவிக்கு வந்தவர். அந்தக் காலத்தில் தமிழ்ப் படம் என்றால் மாதுங்கா அரோரா தியேட்டர், பாண்ட் படம் என்றால் ரயிலேறித் தென் மும்பைக் கோட்டைப் பக்கம். அவருக்கு ரோஜர் மூர்தான் பாண்ட்.

வரிசையாகப் பார்த்ததில் எனக்கு ஒன்று பட்டது. படம் அளவுக்கு மீறிப் பெரிதாகிவிட்டால், அடுத்த படம் தரைக்கு இறங்கிவிடுகிறது. அப்படி இறங்கிய படங்கள்தான் எனக்கு மனதில் நிற்கின்றன.

1967இல் யூ ஒன்லி லிவ் ட்வைஸ். எரிமலைக்குள் வில்லனின் கோட்டை. அந்த ஒரு செட்டுக்கு மட்டும் சுமார் பத்து லட்சம் டாலர்; டாக்டர் நோ முழுப் படத்துக்கே ஏறக்குறைய அவ்வளவுதான் செலவு. அடுத்தது 1969இன் ஆன் ஹெர் மெஜஸ்டிஸ் சீக்ரெட் சர்வீஸ். துரத்துகிறவர்களுக்குப் பயந்து, பனிச்சறுக்கு மைதானத்தில் கூட்டத்தோடு கூட்டமாக ஒடுங்கி உட்கார்ந்திருக்கிறார் பாண்ட். அவர் பின்னால் மணக்கப்போகும் ட்ரேசி அங்கே வந்து நிற்கிறாள். பாண்ட் முகத்தில் நிஜமான பயத்தை நான் பார்த்தது அங்கேதான்.

1979இல் மூன்ரேக்கர், விண்வெளியில் லேசர் சண்டை. அடுத்து 1981இல் ஃபார் யுவர் ஐஸ் ஒன்லி. அதில் பாண்டின் லோட்டஸ் கார் ஆரம்பத்திலேயே வெடித்துப் போக, சின்ன மஞ்சள் சிட்ரோயனில் தப்பிக்க வேண்டியதாகிறது. கிரீஸில் மெட்டியோரா பாறையில் தொங்கும்போது கையில் எந்தக் கருவியும் இல்லை, ஷூ லேஸை அவிழ்த்துக் கயிற்றில் முடிச்சுப் போட்டு ஏறுகிறார். 2002இல் கண்ணுக்குத் தெரியாத கார் வந்த டை அனதர் டே, அதற்கடுத்து 2006இல் கேசினோ ராயல். இதைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம்.

அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. நீங்கள் சொல்லுங்கள்.

வாஷி அண்ணாச்சி:
உங்கள் அப்பா கட்சிதான் நான், தங்கச்சி. பாண்ட் கஷ்டப்படுவதைப் பார்க்கவா டிக்கெட் எடுத்தோம்? 1983இன் ஆக்டோபஸியை மறந்துவிட்டீர்களே. உதய்ப்பூர் ஏரி அரண்மனை, சந்துக்குள் ஆட்டோ துரத்தல், நம்ம சென்னைக்காரர் விஜய் அமிர்தராஜ் டென்னிஸ் மட்டையாலேயே அடியாட்களை விளாச, வேடிக்கை பார்க்கும் கூட்டம் மேட்ச் பார்ப்பதுபோல் இடமும் வலமுமாகத் தலையைத் திருப்பும். என் பிள்ளைகளுக்குப் பத்து தடவை போட்டுக் காட்டியிருக்கிறேன். அந்தச் சந்தோஷத்தை கேசினோ ராயல் தராது.

அந்தேரி எடிட்டர்:
செம்பூர்ப் பெண், நீங்கள் சொன்னதில் இன்னொன்றும் இருக்கிறது. ஆன் ஹெர் மெஜஸ்டிஸ் படத்தை இயக்கிய பீட்டர் ஹன்ட், முதல் நான்கு பாண்ட் படங்களின் எடிட்டர். அவர் இயக்கிய அந்தப் படத்துக்கு எடிட்டர் ஜான் க்ளென். அதே ஜான் க்ளென்தான் பின்னால் ஃபார் யுவர் ஐஸ் ஒன்லியை இயக்கினார். ஆக, தரைக்கு இறங்கிய முதல் இரண்டு படங்களும் எடிட் மேஜையிலிருந்து எழுந்து வந்தவர்கள் எடுத்தவை.

எது இல்லாமலும் காட்சி நிற்கும் என்பதை எடிட்டர் தினமும் பார்க்கிறான். ஷூ லேஸ் காட்சியில் இசை எவ்வளவு அடங்கியிருக்கிறது என்று கவனியுங்கள். மேலே இருக்கும் அடியாள், கயிற்றைத் தாங்கும் ஆணியைத் தட்டிக் கழற்றும் சத்தமே போதும் என்று விட்டிருக்கிறார்கள்.

அண்ணாச்சிக்கு ஒரு வார்த்தை: ஆக்டோபஸியும் க்ளென் படம்தான். 1981 முதல் 1989 வரை தொடர்ந்து ஐந்து படங்கள் அவருடையவை.

சயான் வாசகர்:
விதி எல்லா இடத்திலும் செல்லாது. 1963இன் ஃப்ரம் ரஷ்யா வித் லவ் இரண்டாவது படம், அதற்கு முன்னால் பிரம்மாண்டமே கிடையாது. ஆனாலும் அந்த ரயில் பெட்டிச் சண்டையை இன்றுவரை எந்தப் பாண்ட் படமும் தாண்டவில்லை என்பேன். 2012இன் ஸ்கைஃபாலுக்கும் உங்கள் கணக்கு பொருந்தாது.

செம்பூர்ப் பெண்:
சயான் வாசகர் சொல்வது சரி. ரயில் சண்டையை எழுதாமல் விட்டது என் தவறு. விதி என்று சொல்வதை விட்டுவிடுகிறேன், ஆனால் அந்த மூன்று படங்களை விடமாட்டேன். அண்ணாச்சி, உங்கள் பதிலை அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன், அடுத்த சனிக்கிழமை ஆக்டோபஸிதான் என்று முடிவாகிவிட்டது.

எடிட்டர் எழுதியதைப் படித்துவிட்டு நேற்று ஃபார் யுவர் ஐஸ் ஒன்லியை மறுபடி போட்டேன். அது பாண்ட் பூங்கொத்தோடு ஒரு கல்லறைக்குப் போவதில் தொடங்கும். கல்லில், ஆன் ஹெர் மெஜஸ்டிஸ் முடிவில் கல்யாணத்தன்றே சுடப்பட்டுச் சாகும் ட்ரேசியின் பெயர், 1969 என்ற வருஷம். அப்பா அந்தப் படத்தைத் தியேட்டரில் இரண்டு தடவை பார்த்தவர். ஆனால் ட்ரேசி வரும் படத்தை இந்த வருஷம்தான் முதன்முதலாகப் பார்த்தார். நேற்று அந்தக் கல் வந்ததும் ரிமோட்டை வாங்கி நிறுத்தினார். "அந்தப் பொண்ணாம்மா இது? அப்ப யாரோ சொந்தக்காரங்கன்னு நினைச்சேன்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரே ஓடவிட்டார்.