ப்ராக் ராக் ஆல்பங்கள்: குறை பாட்டிலா, பிரதியிலா?

ஊசிமுனை:
ப்ராக் ராக் (நீண்ட பாட்டு, சிக்கலான தாளம் என்று போகும் ராக் வகை) பக்கம் எட்டிப்பார்ப்பவர்கள் நிறையப் பேர் முதல் ஆல்பத்திலேயே "ஒரே இரைச்சல்" என்று ஓடிவிடுகிறார்கள். இரைச்சலான ஆல்பங்கள் இல்லாமல் இல்லை. ஆனால் பல நேரம் கோளாறு பாட்டில் இல்லை, காதில் விழுந்த பிரதியில், அதாவது அந்தப் பதிப்பில் அல்லது கோப்பில் இருக்கிறது.

ரஷ் குழுவின் 'வேப்பர் டிரெய்ல்ஸ்' (2002) இதற்கு நல்ல சாட்சி. முதல் பாட்டு 'ஒன் லிட்டில் விக்டரி'. டிரம்மர் நீல் பியர்ட்டின் இரட்டைக் கிக் டிரம் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) தனியாகப் பாய்ந்து வரும். 2002 சிடியில் கிட்டாரும் பேஸும் நுழைந்ததுமே அந்தக் கிக் கரைந்து காணாமல் போகும். சத்தத்தை ஏற்றி ஏற்றி ஒலி அலையின் தலையைச் சீவிவிட்டார்கள். சீவியது சீவியதுதான், வால்யூமைக் குறைத்தாலும் திரும்ப முளைக்காது. 2013இல் ஒலிப்பொறியாளர் டேவிட் பாட்ரில் முழு ஆல்பத்தையும் புதிதாக மிக்ஸ் செய்தார். அட்டையில் 'ரீமிக்ஸ்டு' என்று இருப்பதை வாங்குங்கள்.

ரீமாஸ்டரும் ரீமிக்ஸும் ஒன்றல்ல. கொதித்து இறக்கிய சாம்பாரில் உப்புச் சரிபார்ப்பது ரீமாஸ்டர். பருப்பு, புளி, காய் எல்லாவற்றையும் தனித்தனியே எடுத்து மறுபடி கூட்டுவது ரீமிக்ஸ். வேப்பர் டிரெய்ல்ஸுக்கு உப்பு பார்த்து ஆகிற காரியம் எதுவுமில்லை.

பழைய கேசட்:
பிரதி நல்லதாக இருந்தாலும் ஓடவிடும் விதத்தில் கெடுப்பவர்கள் உண்டு ஜி. பிங்க் ஃப்ளாய்டின் 'டார்க் சைட் ஆஃப் த மூன்' (1973) பாட்டுக்குப் பாட்டு ஒட்டியே ஓடும். ஆப்பில் கிராஸ்ஃபேட் (ஒரு பாட்டு முடியுமுன் அடுத்ததைக் கலக்கும் வசதி) 5 நொடி வைத்திருந்தால் ஒரு பாட்டின் வாலை அடுத்த பாட்டின் தலை மென்றுவிடும். கிராஸ்ஃபேடை 0 ஆக்குங்க, கேப்லெஸ்ஸை (பாட்டுகளுக்கு நடுவே இடைவெளி விடாத வசதி) ஆன் பண்ணுங்க, ஷஃபிளை அணைங்க. எல்பி (வினைல் தட்டு) காலத்தில் வேண்டுமென்றே விட்ட ஒரே நிறுத்தம், பாடகி கிளேர் டாரி குரல் அடங்கும் இடம். அங்கே முதல் பக்கம் முடியும். தட்டைத் திருப்பினால் 'மனி'யின் சில்லறைச் சத்தம்.

எம்பி3யாக வைத்திருந்தால் இன்னொரு தொல்லை. என்கோட் செய்யும்போது ஒவ்வொரு பாட்டின் முன்னும் பின்னும் துளி மௌனம் சேர்ந்துவிடும். பிளேயருக்கு அதை வெட்டத் தெரியாவிட்டால் பாட்டு மாறும் இடத்தில் 'டிக்' என்று ஒரு விக்கல். ஃப்ளாக்கில் (தரம் இழக்காமல் சுருக்கும் கோப்பு வகை) இது வராது.

வால்யூம் சமப்படுத்தும் வசதியையும் பாருங்க. பாட்டுவாரியாகச் சமப்படுத்தினால், மெல்ல ஒலிக்க வேண்டிய இடைத்துணுக்கு அடுத்த பாட்டுக்குச் சமமாக எகிறும். உங்க பிளேயரில் இந்த வசதி ரீப்ளேகெயின் என்ற பெயரில் இருந்தால் 'ஆல்பம்' முறையில் வையுங்க.

ரேடியோஹெட்டின் 'இன் ரெயின்போஸ்' பற்றியும் ஒரு வார்த்தை. 2007 அக்டோபர் 10 அன்று 'விரும்பிய விலை' என்று அவங்களே தரவிறக்கத்துக்கு விட்டது 160 கேபிபிஎஸ் எம்பி3, அதாவது நிறையச் சுருக்கித் தரம் குறைந்த கோப்பு. இன்னும் பலரது ஹார்ட் டிஸ்கில் சுற்றுவது அதே கோப்புதான். அதை வைத்துக்கொண்டு "சிம்பல் சத்தம் மணல் மாதிரி கரகரக்குது" என்று ஆல்பத்தைத் திட்டுவது நியாயமில்லை.

ஏழெட்டு:
தாளம் புரியாமல் விலகுபவர்களும் உண்டு. நமக்கோ வாயில் சொல்லிப் பார்க்கச் சொற்கட்டு இருக்கிறது. 'மனி' ஏழு அடி. பாடலும் சாக்ஸபோனும் ஏழிலேயே ஓடும். மூன்று நிமிடம் தாண்டி கில்மரின் கிட்டார் தனி வரும்போது நாலுக்கு மாறும். ஏழை விடாமல் எண்ணிக்கொண்டிருந்தால் அந்த மாற்றம் மூச்சு விட்ட மாதிரி இருக்கும்.

டூல் குழுவின் 'லேட்டரலஸ்' (2001) ஆல்பத்தில் 'ஸ்கிசம்' பாட்டின் அடிப்படை ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் இசைத்துணுக்கு) ஒரு கண்டம், ஒரு மிஸ்ரம்: 5 + 7. பன்னிரண்டு என்று மொத்தமாக எண்ணினால் கை தடுமாறும், பிரித்து எண்ணினால் உட்காரும். தலைப்புப் பாட்டின் பல்லவியில் 9, 8, 7 என்று இறங்கும். கூட்டினால் 24, அதாவது மூன்று எட்டு. அதனால்தான் உள்ளே சறுக்கினாலும் சுற்று முடியும்போது தலை சரியான இடத்தில் ஆடுகிறது. அந்தப் பாட்டின் அசை எண்ணிக்கை ஃபிபனாச்சி வரிசையில் (முந்தைய இரண்டு எண்ணின் கூட்டல் அடுத்த எண்) போவதைப் பெரிய ரகசியம் போலச் சொல்வார்கள். எனக்கு அந்த 24தான் சுவை.

மெலோட்ரான் பித்து:
கிங் கிரிம்சனின் 'இன் த கோர்ட் ஆஃப் த கிரிம்சன் கிங்' (1969) சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. 'எபிடாஃப்' பாட்டில் வயலின் கூட்டம் போலக் கேட்பது மெலோட்ரான். ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு டேப் துண்டு. அழுத்தினால் ஓடும், சுமார் 8 நொடியில் தீரும். விரலை எடுத்தால் ஸ்பிரிங் பின்னால் இழுக்கும். அதற்கு மேல் ஒரு சுரத்தைப் பிடித்து நிற்க முடியாது. அந்தக் கலக்கமான, மூச்சுத் திணறுகிற நிறம் அதிலிருந்து வருவது.

'மூன்சைல்ட்' 12 நிமிடம். பாட்டு இரண்டரை நிமிடத்தில் முடிந்துவிடும், மீதி வைப்ரஃபோனும் (தட்டி வாசிக்கும் உலோகக் கட்டைகள்) கிட்டாரும் உரசிக்கொள்ளும் கற்பனைவாசிப்பு. 2009 ரீமிக்ஸில் இசைக்கலைஞர் ஸ்டீவன் வில்சனும் கிரிம்சனின் கிட்டாரிஸ்ட் ஃப்ரிப்பும் அதை ஒன்பது நிமிடமாகக் குறைத்தது சரியான காரியம்.

ஊசிமுனை:
அதில் எனக்கு உடன்பாடில்லை. அந்த நீளமான வெறுமைக்குப் பிறகு வந்தால்தான் தலைப்புப் பாட்டு கதவைத் தள்ளித் திறக்கிற மாதிரி இறங்கும். முழு வடிவமும் அந்தப் பதிப்பிலேயே கூடுதலாக இருக்கிறது, இரண்டையும் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

எல்பி வாங்குபவர்களுக்கு: ஒரு பக்கம் 20, 22 நிமிடம் தாண்டினால் பள்ளங்களை நெருக்கி, சத்தத்தைக் குறைத்து வெட்ட வேண்டிவரும். ஜெனிசிஸின் 'செல்லிங் இங்கிலாந்து பை த பவுண்ட்' (1973) இரண்டாம் பக்கம் 28 நிமிடத்துக்கு மேல். 'த சினிமா ஷோ'வில் டோனி பேங்க்ஸ் 7/8இல் சிந்தசைசர் வாசிக்கும் அருமையான பகுதி போய் விழுவது தட்டின் உள்வட்டத்தில். வெளிவட்டத்தில் ஊசிக்கு அடியில் நொடிக்குச் சுமார் 50 செ.மீ. பள்ளம் ஓடும், உள்ளே அதில் பாதிகூட இல்லை. சாதாரண ஊசி அங்கே 'ஸ்ஸ்' என்று சிந்தும். ஆடியோ-டெக்னிகா விஎம்95 வகை காட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கும் பகுதி) இருந்தால் உடலை மாற்ற வேண்டாம், பச்சை நிற 'இ' ஊசியைக் கழற்றி நுனி மெல்லிய 'எம்எல்' ஊசியைச் செருகினால் போதும். ஊசி தட்டின் மேல் அழுத்தும் எடை 2 கிராம். அதற்கு முன் ப்ரொட்ராக்டர் (கோணம் பார்க்கும் அட்டை) வைத்து ஊசியின் கோணத்தைப் பாருங்கள், கோணம் தப்பினால் எந்த விலை ஊசியும் சிந்தும்.

புதியவன்:
இவ்வளவு பட்டியல் வேண்டாம் அண்ணா, எதிலிருந்து தொடங்குவது?

ஏழெட்டு:
கிங் கிரிம்சன், 'ரெட்' (1974). ஐந்தே பாட்டு, 40 நிமிடம். கடைசிப் பாட்டு 'ஸ்டார்லெஸ்'ஸின் நடுவில் பேஸ் 13 அடிச் சுற்றில் நடக்கும், மேலே ஃப்ரிப் ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருப்பார், படிப்படியாகத்தான் மேலே ஏறுவார். அங்கே வால்யூமை ஏற்றிவிடாதீர்கள் தம்பி. அடுத்து எல்லாம் ஒன்றாகப் பாயும்போது ஹெட்போனைக் கழற்ற வேண்டிவரும்.