க்ரெட்டா டீசலா, ஹைரைடர் ஹைபிரிடா? எப்படி ஓட்டிப் பார்ப்பது?

சேலத்தான்:
புது கார் வாங்கணும்; ஹூண்டாய் க்ரெட்டா டீசலா, டொயோட்டா ஹைரைடர் ஹைபிரிடா (பெட்ரோல் இன்ஜினும் பேட்டரி மோட்டாரும் சேர்ந்தது)னு யோசிக்கிறோம். வீட்டில் ஐந்து பேர். அம்மாவுக்கு முழங்கால் வலி, இப்ப இருக்கிற செடான்ல இருந்து எழுந்திருக்கவே கைத்தாங்கல் வேணும். அடிக்கடி கொல்லிமலை ஏறணும், 70 கொண்டை ஊசி வளைவு. ஷோரூம்ல பைபாஸ்ல ஒரு ரவுண்டு விட்டு முடிச்சுட்டாங்க. அதை வெச்சு எப்படிங்க முடிவெடுக்கிறது?

கோவை மணி:
அம்மாவைக் கூட்டிட்டுப் போங்க தம்பி. சீட்டு அவங்க இடுப்பு உயரத்துல இருந்தா உட்கார்ந்துட்டு காலைத் திருப்பினா போதும். பின்சீட்டுல மூணு பேரையும் உட்கார வெச்சு, குண்டும் குழியுமான ரோட்டுல ஓட்டச் சொல்லுங்க. முதல்ல டயர் காத்தைப் பாருங்க. டெமோ வண்டியில காத்து கூடுதலா இருந்தா எந்த வண்டியும் தூக்கிப் போடும். டிரைவர் கதவுப் பக்கம் ஸ்டிக்கர்ல அளவு போட்டிருக்கும்.

மலைப்பாதை:
ஹைரைடர் ஹைபிரிடுக்கு நிறுவனம் சொல்ற மைலேஜ் லிட்டருக்கு 27.97 கி.மீ. டவுன் நெரிசல்ல அது தங்கம். ஆனா பேட்டரி பின்னாடி இருக்கிறதால டிக்கி சிறுசு, உங்க பெட்டிகளை வெச்சே பாருங்க. ஐந்து பேரோட மலை ஏற என் ஓட்டு க்ரெட்டா டீசலுக்குத்தான், 250 நியூட்டன் மீட்டர் இழுவை.

சேலத்தான்:
நன்றிண்ணா. ஏற்காடு அடிவாரம் வரைக்கும் விடச் சொல்லிக் கேட்டிருக்கேன், அம்மாவும் வர்றாங்க.